இரவல் நட்சத்திரமும் சொந்தக் குலவையும்

ஒரு ஊர்ல ஒரு பூங்காவனம் இருந்தா. தோட்டம் இல்லடி குட்டி, பொம்பள பேரு. சிரிக்காத, சிரிச்சா வந்த தூக்கமும் ஓடிப்போயிடும்.

அந்த ஊரு கடலோரக் குப்பம். ஆறு கடல்ல சேருற எடத்துல வடகரையில அவ குப்பம், தென்கரையில இன்னொரு குப்பம். வடகரையில எல்லாரும் அம்மனைக் கும்புடறவங்க. தென்கரையில மாதா கோயில். மார்கழி பொறந்தா தென்கரைக்காரங்க மூங்கில் குச்சியில நட்சத்திரம் கட்டி, செவப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வெச்சு உசரத்துல தொங்க விடுவாங்க. வடகரையில வாசல்ல கோலம், அவ்வளவுதான். ம் கொட்டுறியா?

"ம்."

அப்போ ஒரு மார்கழி விடியக்காலம். பூங்காவனம் கோலம் போட வெளியே வந்தா, கோலப்பொடி எடுத்த கையே அவளுக்குத் தெரியலை. அப்படி ஒரு பனி! அவ புருஷன் எல்லப்பன் கட்டுமரத்துல கடலுக்குப் போயிருக்கான். திரும்புற நேரம். கரை தெரியலைன்னா அந்தாண்ட வடக்கே குடுமிப்பாறை இருக்கு. அதுல மோதுன மரம் எதுவும் முழுசா வந்ததில்ல.

ஓடுனா. வீட்டுக் காமாட்சி விளக்கை எடுத்துட்டு வந்து கரையில வெச்சா. காத்து அடிச்சுது, புஸ்ஸு! அணைஞ்சு போச்சு.

அப்புறம் காஞ்ச பனை ஓலையைக் கட்டிச் சூளு கொளுத்துனா. சடசடசடன்னு பிடிச்சுது. பனி எறங்கி நனைஞ்சுது. சொய்ங்! அதுவும் போச்சு.

அப்புறந்தான் அவளுக்குத் தென்கரை ஞாபகம் வந்துச்சு. காகிதத்துக்குள்ள இருக்கிற விளக்கைக் காத்து என்ன பண்ணும், பனி என்ன பண்ணும்? முட்டியளவு தண்ணியில சளக் சளக்குன்னு ஆத்தைத் தாண்டி, அவளோட மீன் விக்கப் போற சலேத்தம்மா வீட்டுக் கதவைத் தட்டுனா.

"அக்கா, உன் நட்சத்திரத்தை இரவல் குடு. அவரு இன்னும் வரலை."

சலேத்தம்மா ஒரு வார்த்தை கேக்கலை. வாசல்ல தொங்குனதை அவுத்துக் கையில குடுத்தா. "கொண்டு போடி. எங்க மாதாவோட பாலன் ஒரு நாள் இருட்டுல தூங்கினா அழமாட்டாரு."

"அழமாட்டாரா?"

சொல்றேன்ல, நடுவுல பேசாத. அதை எடுத்துக்கிட்டு அவ இக்கரை ஏறுனா, ஊர்த் தலைவரு, பெரிய நாட்டாரு, துண்டை உதறிக்கிட்டு வழியை மறிச்சாரு. "அவங்க பண்டிகை அவங்களோட. அந்த வெளிச்சம் நம்ம ஊர்ல தொங்கக் கூடாது!"

"என்னை ஊரை விட்டே தள்ளி வைங்க மாமா. அவரு கரை சேந்தப்புறம் வைங்க"ன்னு சொல்லிட்டு, பூங்காவனம் வலை காயப்போடுற கம்புல நட்சத்திரத்தை ஏத்திட்டா. செவசெவன்னு எரிஞ்சுது. காத்துக்கும் அசையலை, பனிக்கும் அணையலை. அப்பாடான்னு உக்காந்தவ, உக்காந்த வேகத்துல எழுந்துட்டா.

ஏன் தெரியுமா? மார்கழியில நட்சத்திரம் தெரிஞ்சா அது தென்கரைன்னு அந்தக் கடல்ல எல்லாருக்கும் தெரியும். அதைப் பாத்ததும் வடகரைக்காரன் மரத்தைச் சோத்தாங்கைப் பக்கம், வடக்கே, திருப்புவான். இன்னிக்கு வெளிச்சம் எரியறதே வடகரையில. இங்கேருந்து சோத்தாங்கைப் பக்கம் திருப்புனா என்ன இருக்கு?

"குடுமிப்பாறை!"

ஆமாண்டி. பாவி மக, புருஷனைக் கூப்பிட ஏத்துன வெளிச்சமே அவனைப் பாறைக்கு அனுப்பப் பாக்குது! எறக்கிடலாமான்னு கம்பைப் பிடிச்சா. எறக்கினா மறுபடி இருட்டு. என்ன செய்வா அவ? கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வாயைத் தெறந்து குலவை போட்டா. அம்மனுக்குக் கூழ் ஊத்துறப்போ போடுற குலவை. "குலுலுலுலுலு!" பாதியிலேயே அது அழுகையா மாறிடுச்சு. சந்தோசத்துக்குப் போடுறதைப் பயத்துல போட்டா வேற எப்படி வரும்? அப்போ பின்னாடியிருந்து இன்னொரு குலவை. பாத்தா, நாட்டாரோட பொஞ்சாதி! அப்புறம் வீட்டுக்கு வீடு பொம்பளைங்க ஓடி வந்து, கடலே அதிர, "குலுலுலுலுலு!"

பனிக்குள்ள ஒரு சத்தம். "ஏஏஏய்!" அப்புறம் துடுப்பு. சலப்... சலப்... கட்டுமரம் மணல்ல ஏறுச்சு. சர்ர்ர்! எல்லப்பன் முழுசா, நனைஞ்ச கோழியாட்டம் எறங்குனான்.

"நட்சத்திரத்தைப் பாத்தேன். தென்கரைன்னு நெனச்சுத் திருப்பிட்டேன்டி. அப்போ குலவை கேட்டுச்சு. தென்கரையில ஏது நம்ம அம்மன் குலவை? அப்படியே துடுப்பை நிறுத்துனேன். பாறையில அலை அடிக்கிறது காதுல விழுற தூரத்துல நின்னேன். அப்புறம் குலவை வந்த பக்கமே திருப்பிட்டு வந்தேன்."

பூங்காவனம் அவன் முதுகுல ரெண்டு போட்டா, அப்புறம் கட்டிக்கிட்டா. அவளுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. நாட்டாரு மெதுவா கிட்ட வந்தாரு. ஊரை விட்டுத் தள்ளத்தான் வர்றாருன்னு எல்லாரும் பாத்தாங்க. அவரு நட்சத்திரத்தைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இதுக்கு எத்தனை குச்சி வேணும்?"னு கேட்டாரு.

அடுத்த மார்கழியில வடகரையில மொத நட்சத்திரம் யாரு வீட்டுல தொங்குச்சு? நாட்டாரு வீட்டுலதான்!

"அப்ப ரெண்டு கரையிலயும் நட்சத்திரம் இருந்தா எது யாரு கரைன்னு எப்படித் தெரியும்?"

தூக்கத்துலயும் கேள்விக்குக் கொறைச்சல் இல்ல. மாதா கோயில் மணி கேட்டா தென்கரை. குலவை கேட்டா வடகரை. வெளிச்சம் ஒண்ணு, குரல் அவங்கவங்க குரல். சாயங்காலம் கேட்டியே, அது நம்ம பண்டிகை இல்லையே, நம்ம வாசல்ல எதுக்கு நட்சத்திரம்னு. ஒரு தடவை நம்ம ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த விளக்கை, அடுத்தவங்க விளக்குன்னு எப்படிடி எறக்கி வெக்க மனசு வரும்? கேக்குதா? ம் கொட்டு.

"..."

சரி. எல்லப்பன் மரமும் கரை ஏறிடுச்சு, என் கதையும் கரை ஏறிடுச்சு. நீயும் கண்ணு மூடிட்ட. தூங்குடி தங்கம்.