மாமியார் வாய் திறக்காத நாள்

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது, தரையில் நடந்தே இரை தேடும் தரை இருவாச்சிப் பறவை இப்படிக் கறுப்பாக இருக்கவில்லை. கொக்கைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆப்பிரிக்காவில் ம்வாங்கா மக்கள் வாழும் மேட்டுக்காட்டில், நாமுகொண்டா என்பவளின் நிலத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இருவாச்சி குடியிருந்தது. அவள் பயிரில் வெட்டுக்கிளி இறங்கினால் அது பிடித்துத் தின்னும். பாம்பு வந்தால் கொத்திக் கொன்றுவிடும். இருவரும் அக்கா தங்கைபோலப் பழகினார்கள்.

ம்வாங்காக்காரர்களின் விவசாயம் ஒரு தனி மாதிரி. மரத்தில் ஏறிக் கிளைகளை மட்டும் கழிப்பார்கள். அவற்றை நிலத்தின் நடுவில் குவித்துக் காயவைத்து, மழைக்கு முன்னால் கொளுத்துவார்கள். அந்தச் சாம்பலில்தான் கேழ்வரகு விதைப்பார்கள். கொளுத்துவதற்குள் குவியல் நனைந்துவிட்டால் அந்த வருஷம் வயிறு காய வேண்டியதுதான்.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. மாமியாரும் மருமகனும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. எதிரே வந்தால் ஒருவர் புதருக்குள் ஒதுங்கிவிட வேண்டும். கோபமெல்லாம் இல்லை, மரியாதை. அப்படி ஒரு மரியாதை! நாமுகொண்டாவின் மருமகன் சிலாவே, பெண் எடுத்த வீட்டுக்கு உழைத்துக் கொடுக்க வந்தவன். தங்கமான பிள்ளை. அந்த வருஷம் கிளை கழித்ததும் குவித்ததும் அவன்தான். மாமியார் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஒருநாள் இருவாச்சி நாமுகொண்டாவிடம் வந்தது.

"அக்கா, வெயில் தாங்கவில்லை. குஞ்சை உன் கிளைக்குவியலுக்குள் நிழலில் விட்டிருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறது. இரை தேடிவிட்டு வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? நீ போய்விட்டு வா, தங்கச்சி."

இருவாச்சி போய்விட்டது. நாமுகொண்டா நிலத்து ஓரமாக உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மேற்கே மேகம் கறுத்தது. இடி உருண்டது. அந்த நேரத்தில், கையில் கொள்ளிக்கட்டையோடு சிலாவே ஓடிவந்தான். மழை முந்திவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

நாமுகொண்டா பதறி எழுந்தாள். வாய்வரைக்கும் வந்துவிட்டது பேச்சு. ஆனால் எதிரே நிற்பவன் மருமகன். சட்டென்று புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். குஞ்சை எடுக்க ஓடினால் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் சொல்லியனுப்பலாம். மகள் ஆற்றுக்குப் போயிருந்தாள், கணவன் அடுத்த ஊரில். என்ன செய்வாள் பாவம்? பலமாக இருமினாள்.

சிலாவேக்கு அந்த இருமல் கேட்டது. 'ஐயோ, அத்தை இங்கேயா இருக்கிறார்கள்? வழியை மறித்து நிற்கிறோமே' என்று கூசிப்போனான். முகத்தைத் திருப்பிக்கொண்டு குவியலின் அந்தப் பக்கம் ஓடினான். சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு அங்கிருந்து போய்விட வேண்டுமென்று அவசரமாகத் தீயை வைத்தான்.

ஒரே ஒரு சொல். 'நில்' என்றால் போதும். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்தப் பெண்! அவள் மேல்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். காய்ந்த கிளை, கேட்கவா வேண்டும்? குப்பென்று பிடித்துக்கொண்டது. உள்ளே குஞ்சு ஒரு தரம் கத்தியது. அதன் பிறகுதான் நாமுகொண்டா "தம்பீ!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். சிலாவேயும் வெறுங்கையால் கிளைகளை இழுத்தான். கை வெந்ததுதான் மிச்சம்.

புகையைப் பார்த்துத் தாய் பறந்து வந்தது. நேராகத் தீக்குள் பாய்ந்து, அணைந்த பிறகும் புரண்டு புரண்டு தேடியது. வெளியே வந்தபோது உடம்பெல்லாம் கரியாகியிருந்தது. மடங்கியிருந்த சிறகுகளின் நுனியில் மட்டும் வெள்ளை தப்பியது. தொண்டை அனலில் வெந்து சிவந்துவிட்டது.

"நீ இங்கேதானே இருந்தாய், அக்கா?"

"இருந்தேன்."

"பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

நாமுகொண்டா தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் என் மருமகன், தங்கச்சி."

இருவாச்சிக்கு அது விளங்கவே இல்லை. திரும்பிச் சாம்பலுக்குள் நடந்தது. மனிதரோடு அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மழை பெய்தது. கேழ்வரகும் அமோகமாக விளைந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை.

அன்று முதல்தான் ம்வாங்கா நாட்டில் தீ வைக்கிற நாளில் மட்டும் மாமியார் மருமகனைக் கூப்பிட்டு, "உள்ளே யாரும் இல்லையே, தம்பி?" என்று வாய் திறந்து கேட்கிறாள்; தரை இருவாச்சியோ, கேட்க ஆளில்லாமல், எரிந்த நிலமெல்லாம் தன் குஞ்சை இன்னும் நடந்து தேடுகிறது.