ஆர்ச்சிக்குப் போட்ட பந்து

முதல் உலகப்போர் முடிந்த சமயம். ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரி ஊர். அந்த ஊர்க் கால்பந்துக் குழுவில் ஹியூ என்று ஓர் ஆட்டக்காரன் இருந்தான். சம்பளம் வாங்கி ஆடுகிறவன். ஆட்டம் போனால் திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான்.

போருக்கு முன்பு மைதானத்தின் இடது ஓரத்தில் அவனுடைய நண்பன் ஆர்ச்சி ஓடுவான். ஹியூ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மூலைக்கொடிப் பக்கம் பந்தைத் தட்டிவிடுவான். ஆர்ச்சி காற்றாய்ப் பறந்துபோய் அதைப் பிடித்துவிடுவான். போருக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஹியூ மட்டும் திரும்பி வந்தான்.

இப்போது அந்த ஓரத்தில் டேவி என்பவன் ஆடினான். ஹியூவின் கால் பழைய இடத்துக்கே பந்தை அனுப்பிக்கொண்டிருந்தது. டேவி எட்டுவதற்குள் அது கோட்டைத் தாண்டிவிடும். "செத்தவனுக்குப் பந்து போடுறான்" என்று கூட்டம் சிரித்தது. நரம்பில்லாத நாக்கு, எதையும் பேசும்.

வெளியே போன பந்தை எடுக்க ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் கில்கிரிஸ்ட்தான் போவார். மூட்டுவலிக்காரர். ஆனாலும் வேறு யாரையும் விடமாட்டார். அந்த மூலையில் சற்று நின்றுவிட்டுத்தான் திரும்புவார். ஆர்ச்சி அவருடைய மகன்.

சனிக்கிழமையும் இப்படியே ஆடினால் வேலை போய்விடும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஹியூ கில்கிரிஸ்டிடம் போனான்.

"கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, ஐயா. என்ன பண்ணட்டும்?"

அவர் ஒரு பந்தை எடுத்துக்கொண்டார். மைதானத்துக்கு அழைத்துப்போய் ஆர்ச்சியின் ஓரத்தில் அவனை நிறுத்தினார். ஹியூவின் இடத்தில் தாம் நின்றுகொண்டார்.

"ஓடு" என்று சொல்லி, பந்தை மூலைக்குத் தட்டினார்.

ஹியூ ஓடினான். எட்டவில்லை. மறுபடியும் தட்டினார். மறுபடியும் எட்டவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இவ்வளவு தள்ளிப் போட்டா யாரால முடியும்? காலுக்கிட்ட போடுங்க, ஐயா."

"டேவியும் இதையேதான் கத்திக்கிட்டிருக்கான். உன் காதுல விழலையா?"

ஹியூ தலையைக் குனிந்துகொண்டான்.

"விழுந்துச்சு. அவன் காலுக்குப் போட்டுட்டா, ஆர்ச்சி நெஜமாவே போயிட்டதா ஆயிடுமே."

கில்கிரிஸ்ட் வெகுநேரம் மூலைக்கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நொண்டிக்கொண்டே போய்ப் பந்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார்.

"டேவி காலுக்கே போடு" என்றார்.

சனிக்கிழமை ஹியூ அப்படியே போட்டான். டேவி கோல் அடித்தான். சிரித்த அதே கூட்டம் தொப்பிகளை வீசி ஆர்ப்பரித்தது. ஹியூ கோலைப் பார்க்கவில்லை. மூலைக்கொடியைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகும் கில்கிரிஸ்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"சரியாப் போட்டேனா, ஐயா?"

"சரியாத்தான் போட்டே, ஹியூ" என்றார் அவர். "இன்னிக்கு ஒரு தடவைகூட அந்த மூலைக்குப் போற வேலை எனக்கு வரலை."