எல்லாரும் ஒரே பக்கம் இழுத்த கயிறு

கோயம்புத்தூரில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் மாரப்பன் என்று ஒருத்தர் இருந்தார். பம்புகளை லாரியில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. ஆனால் அவர் வாயிலிருந்து கிளம்புகிற லோடைத் தாங்கும் லாரியை இன்னும் யாரும் செய்யவில்லை.

அந்த வருஷம், பொங்கல் லீவுக்கு முந்தின நாள் நடக்கிற ஆபீஸ் விழாவுக்கு விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அங்கே வேலை பார்க்கும் அம்சவேணி தலையில் விழுந்தது. போன வருஷம் மியூசிக்கல் சேர் வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் வரும் டிசைனர் இஸ்மாயில் கையில் விசிலைக் கொடுத்து ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். முட்டிவலியோடு இருந்த ஸ்டோர்ஸ் சுலோச்சனா, எல்லாருடைய கைப்பைகளுக்கும் காவல் இருந்தார். பாதிப் பேர் சாப்பிட்டதும் நழுவிவிட்டார்கள். "இந்தத் தடவையும் ஒருத்தர் ஒதுங்கி நின்னாங்கன்னா அடுத்த வருஷம் விழாவே கிடையாது. ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், அவ்வளவுதான்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கேன்டீனில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அம்சவேணி பேப்பரில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். சாக்கு ஓட்டம், அடித்தாள். கயிறு இழுப்பது, அடித்தாள். எதிரே இஸ்மாயிலும் சுலோச்சனாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார் மாரப்பன்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குப் போயா மண்டையை உடைச்சுக்கறீங்க? நான் முன்னாடி இருந்த கம்பெனியில முந்நூறு பேருக்கு மியூசிக்கல் சேர் நடத்தினவனாக்கும். ஒருத்தர்கூட ஓடலை."

"ஓடாம எப்படிங்க?" என்றார் இஸ்மாயில்.

"நாற்காலி ஓடுச்சு! ஒவ்வொண்ணுக்கும் அடியில மோட்டார் மாட்டிவிட்டேன். பாட்டு நின்னா நாற்காலிதான் ஆளைத் தேடிப் பிடிக்கணும். ஆள் கிடைக்காத நாற்காலி அவுட். அப்படி அவுட்டான ஒண்ணு கோவிச்சுட்டு கேட்டைத் தாண்டிப் போயிருச்சுங்க. மூணு நாள் கழிச்சுப் பாத்தா, பல்லடம் பஸ் ஸ்டாண்டுல யாரையோ உக்கார வெச்சுட்டு நிக்குது. கூப்பிட்டா வரமாட்டேங்குது."

அம்சவேணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்குள்ள லிஸ்ட் குடுக்கணுங்க சார்" என்றாள்.

"குடுக்கலாம், இருங்க. பேசாம நடிச்சுக் காட்டற விளையாட்டை வையுங்க. காது கேக்காதவங்களும் ஆடலாம். நான் ஒருக்கா மழைன்னு நடிச்சேன். எதிர் வீட்டு மாடியில வடகம் காயப்போட்டிருந்தவங்க அள்ளிட்டு ஓடிட்டாங்க."

"நிஜமாவே மேகம் வந்திருக்கும்" என்றாள் அம்சவேணி.

"மேகமா? சித்திரை மாசமுங்க! அடுத்த நாள் நாப்பது பேருக்கு ஜலதோஷம். இனிமே தூறலுக்கு மேல நடிக்கக் கூடாதுன்னு எனக்கு மெமோ குடுத்துட்டாங்க."

இஸ்மாயிலுக்குப் புரையேறியது. சுலோச்சனா தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"கயிறு இழுக்கறதை ஏன் அடிச்சீங்க? ரெண்டு கட்சியாப் பிரிச்சாத்தானே ஒருத்தர் தோக்கணும்? நான் அத்தனை பேரையும் ஒரே பக்கம் விட்டேன். நிக்க முடியாதவங்க உக்காந்து இழுத்தாங்க. இழுக்க முடியாதவங்க ஐலசா போட்டாங்க."

"சரிங்க, எதிர்ப்பக்கம் யாரு?" என்றார் இஸ்மாயில்.

"மலை."

"எந்த மலைங்க?"

"மேற்குத் தொடர்ச்சி மலைதான், வேற எது? முந்நூறு பேரும் ஒரே மூச்சா இழுத்தோம். ஒரு துண்டு பொளக்குன்னு பேந்து வந்திருச்சு. பாலக்காட்டுப் பக்கம் மலைக்கு நடுவுல கணவாய் இருக்குதே, காத்து குபுகுபுன்னு வருதே, அது எப்படி வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

"பேந்த துண்டைத் திருப்பி வெச்சிருக்கலாமில்லைங்க?"

"வெக்கலாம்னுதான் பாத்தோம். ஷிப்ட் முடிஞ்சிருச்சு."

இஸ்மாயில் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எதற்கும் வாய் திறக்காத சுலோச்சனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்சவேணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: புளுகுப் போட்டி. ஓட வேண்டாம், நிற்க வேண்டாம். பேசலாம், எழுதிக் கொடுக்கலாம், சைகையிலும் சொல்லலாம்.

"முதல் பரிசுல என் பேரை இப்பவே எழுதிக்குங்க" என்றார் மாரப்பன்.

விழா அன்றைக்கு ஹாலே குலுங்கியது. அவிநாசி ரோட்டில் தன் சக்கர நாற்காலியைத் துரத்திவந்த போலீஸ் ஜீப் மூச்சு வாங்கி ஓரமாக நின்றுவிட்டது என்றார் இஸ்மாயில். லேத் பிரிவில் காது கேளாத தேவசகாயம், தான் பிடித்த மீனின் நீளத்தைச் சைகையில் காட்டினார். தலையைக் காட்டிவிட்டு வாலைக் காட்ட அவர் ஹாலை விட்டே வெளியே போகவேண்டியிருந்தது. யாரும் நழுவவில்லை. மேனேஜர்கூட ஒரு புளுகு விட்டார். அதுதான் கொஞ்சம் சுமார்.

மாரப்பன் மலையை இழுத்து முடித்தபோது கைதட்டல் நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே சுலோச்சனா உட்கார்ந்தபடியே மைக்குக்குக் கை நீட்டினார். பத்து வருஷமாக அவர் மைக்கைத் தொட்டதில்லை. கைதட்டியவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மாரப்பன் சாரோட பழைய கம்பெனியில நானும் இருந்தேனுங்க" என்றார் நிதானமாக. "கயித்துக்குக் கடைசியில பிடிச்சு இழுத்தது நான்தான். சார் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது."

மாரப்பன் துள்ளி எழுந்தார். "பச்சைப் பொய்யுங்க இது! இவங்க அங்க வேலையே பாக்கலை! அதுவுமில்லாம, அங்க கயிறே கிடையாதுங்க!"

"அப்ப முதல் பரிசு சுலோச்சனாக்காவுக்கு" என்றாள் அம்சவேணி.