காலி ஆணிகள்

நிலக்கரிச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்றதும் ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சப் பேருக்குக் கூரையில் சோலார் தகடு மாட்டப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கமுத்துவும் போய் உட்கார்ந்தார். வயது ஐம்பது. சொல்லிக்கொடுத்த பிலோமினாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

ஒயர் வேலையெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏணிதான் எமனாக நின்றது. இரண்டு படி ஏறியதும் இறங்கிவிடுவார். மறுநாள் கூரையேறும் பரீட்சை. அதில் தவறினால் வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

“எவ்வளவோ ஆழம் இறங்கினவன் டீச்சர் நான். ஒரு மாடி ஏற முடியலையே, ஏன்?”

பிலோமினா அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய பித்தளை டோக்கனைப் பார்த்தாள்.

“அது என்ன அண்ணே?”

“சுரங்க டோக்கன். கீழ போறப்ப பலகையிலேர்ந்து எடுத்துக்குவோம். மேல வந்ததும் அதே ஆணியில மாட்டிடணும். ஆணி காலியா இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம்.”

“வாங்க” என்று முன்னால் நடந்தாள்.

சுரங்க வாசலில் அதை அடைக்கச் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். டோக்கன் அறையில் ஈ காக்கை இல்லை. பலகை நிறைய டோக்கன்கள் தொங்கின. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆணிகள் மட்டும் காலி.

“இது யாரோடது?”

“மாசிலாமணி. உள்ள என்கூட ஜோடியா வேலை பார்த்தவன். சுரங்கக் கூரை இடிஞ்சப்ப உள்ள மாட்டிக்கிட்டான். உடம்புகூடக் கிடைக்கலை.”

“அடுத்தது?”

“என்னுது.” சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் மட்டும் ஓடி வந்துட்டேன். அதோட வேலையும் நின்னு போச்சு. அவன் ஆணி தனியா காலியா நிக்குறதைப் பார்க்க முடியலை டீச்சர். என்னுதை மாட்ட மனசு வரலை.”

சொல்லிவிட்டு அழுதார். பாவம், அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை. அவள் தடுக்கவில்லை. அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்.

“நாளைக்குக் காலையில வாசலை அடைக்கிறாங்க அண்ணே. அதுக்கு முன்னால இந்தப் பலகையைப் பார்த்துட்டு, உள்ள எத்தனை பேருன்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்னு சொல்வீங்களா, ரெண்டு பேர்னு சொல்வீங்களா?”