கேரளாவுக்கு நடந்து போன காடு

சடையப்பன் அண்ணன் சொல்லும் இந்தக் கதையைப் பல வருஷமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். ஆனாலும் அவர் ஆரம்பித்தால் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். சந்தேகப்படுகிறவன் அப்படியா கேட்பான்?

அவர் ஓய்வுபெற்ற வனக்காவலர். என் கடைக்குப் பின்னால் இருக்கும் மொட்டைக் கரட்டில், அந்தப் பாறைக்குன்றில், காடு வளர்த்தது தாம்தான் என்பார்.

"பங்குனி முடியறதுக்குள்ள நட்டு முடின்னு மேலிடத்து உத்தரவு. மழைக்கு மட்டும் யாரும் உத்தரவு போடல. பாறை வெடிக்கிற வெயில்! கன்னுக பாத்துச்சு. குழியை விட்டு எந்திரிச்சு ஓடைக்குப் போய்த் தண்ணி குடிச்சுச்சு. நான் விசில் அடிச்சா வரிசையா வந்து குழிக்குள்ள நிக்கும்."

"எல்லாமா வந்துச்சு?" என்றார் லாரி ஓட்டும் காதர் பாய்.

"தைலமரம் மட்டும் லேட்டா வரும் பாய். முழு ஓடையும் அது வயித்துலல்ல இருக்கும்! ஆவணியில காடு அடைச்சுக்கிச்சு. மழை கீழ விழ வழியில்லாம இலைக்கு மேலயே தேங்கி நின்னுச்சு. நாங்க மேல ஏறி கெளுத்தி மீன் பிடிச்சோம்."

"கொழம்பு வச்சீங்களா, வறுத்தீங்களா?"

"வறுத்தோம். நீங்க வரல பாய்."

"சரி, அந்தக் காடு எங்கண்ணே?" என்றேன் நான்.

"அதை ஏன் கேக்குற! மரத்தை எண்ண ஒரு ஆபீசர் வந்தாரு. நட்டதைவிட மரம் கூட நின்னுச்சு. கணக்கு இடிக்குதுன்னு காட்டைப் பாத்துக் கத்திட்டாரு. மரத்துக்கும் ரோஷம் இருக்கும்ல? அன்னைக்கே வேரைச் சுருட்டிக்கிட்டு மலையேறி இறங்கி அந்தப் பக்கம் போயிருச்சு. பின்ன, கேரளா எப்படிப் பச்சையா இருக்குன்னு நினைச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

போன மாதம் கரட்டில் மறுபடி மரம் நட வனத்துறையின் புதிய திட்டம் வந்தது. நடவைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்குழுவுக்குத் தலைவராக அண்ணனைப் போடலாமா என்று வனத்துறையினர் என்னைக் கேட்டார்கள். கரடு காய்ந்ததோடு என் கிணறும் காய்ந்துவிட்டது. இப்போது லாரித் தண்ணீரில் டீ போடுகிறேன். இந்த நடவும் பிழைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மறுநாள் அண்ணன் வழக்கம்போல் மொபெட்டைக் கடைத் தார்ப்பாய் நிழலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கவலைப்படாத தம்பி, இந்தப் பங்குனியிலயே நட்டுருவோம்" என்றார்.

டீயை அவர் கையில் கொடுத்தேன். இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அவ்வளவு பெரிய காடு இங்க நின்ன காலத்துலயும், வண்டிய என் கடைத் தார்ப்பாய் நிழல்லதானே நிறுத்துனீங்க, ஏண்ணே?"