எலும்பு எலும்பாக மோட்சம்

பிடியானை மாதங்கிக்குக் காவலன் சொல்லும் அந்தக் கதையில் பல வருடங்களாகவே சந்தேகம். வெளியே சொன்னதில்லை. 'எனக்குத்தான் பக்தி போதவில்லையோ?' என்று தன்னையே நொந்துகொள்வாள்.

அவளுடைய முன்னோர் பெருங்கொம்பன் அந்தக் காட்டை ஆண்ட யானை அரசர். இறந்து ஏழு தலைமுறை ஆகிவிட்டது. மூங்கில் மேட்டில், ஒரு கற்குவியலின் நடுவே அவர் எலும்புகள் கிடந்தன. வருடத்துக்கு ஒருநாள் யானைகள் வந்து அவற்றைத் தும்பிக்கையால் தடவிவிட்டுப் போகும்.

ஒரு வருடம், காவல் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது.

"நரி வேண்டாம். கழுதைப்புலியும் வேண்டாம், எலும்பைக் கண்டால் சும்மா இருக்காது! முள்ளம்பன்றி கூர்முகன் கிழங்கு தின்கிற சைவன். அவனையே வைப்போம்!" என்று யானைகள் முடிவு செய்தன.

கூர்முகன் வந்ததும் வராததுமாக, "பத்தடி தள்ளி நின்று கும்பிடுங்கள். தொட்டால் தீட்டு!" என்றான்.

அதன் பிறகு எலும்புகள் குறைந்துகொண்டே வந்தன.

"தாயே, அரசர் எலும்பு எலும்பாகச் சொர்க்கம் போகிறார்! இந்த வருடம் இடது தொடை போய்ச் சேர்ந்தது!" என்று கூர்முகன் கண்ணீர் விடுவான். குரங்குகள், "ஆகா! ஆகா!" என்று குட்டிக்கரணம் போடும்.

இப்போது மண்டை ஓடு ஒன்றுதான் மிச்சம்.

"அடுத்த வருடம் இதுவும் போய்விடும். அத்தோடு அரசருக்கு முழு மோட்சம்!" என்றான் கூர்முகன், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

மாதங்கி மண்டை ஓட்டைப் பார்த்தாள். இதுவும் போய்விட்டால் கும்பிட என்ன இருக்கிறது? பத்தடியைத் தாண்டி நடந்தாள்.

"ஐயோ தாயே, தீட்டு!"

அவள் நிற்கவில்லை. மண்டை ஓட்டைத் தூக்கித் தடவினாள். தும்பிக்கை நுனியில் வரிவரியாகப் பள்ளங்கள் தட்டுப்பட்டன.

"இது என்ன, காவலரே?"

"பக்தர்கள் தடவித் தடவித் தேய்ந்தது, தாயே!"

"தடவத்தான் நீர் யாரையும் விடவில்லையே!"

கூர்முகன் முட்களைச் சிலிர்த்தான். "காவலனைச் சந்தேகிப்பது அரசரையே சந்தேகிப்பது!" என்று கத்தினான். கத்தத் திறந்த வாயில், முன்பற்களின் இடுக்கில், வெள்ளையாக ஓர் எலும்புச் சில்லு தெரிந்தது.

குரங்குகளின் குட்டிக்கரணம் பாதியில் நின்றது.

ஒருவரைக் காவலுக்கு வைக்கும் முன்பே அவருக்கு எதைப் பார்த்தால் பசிக்கும் என்று கேட்டுவிட வேண்டும். வருடக்கணக்கில் கும்பிட்டுவிட்டுக் கேட்டால் மண்டை ஓடுதான் மிஞ்சும். மாதங்கி அந்த மிச்சத்தை அணைத்துக்கொண்டு, கடைசியில் கேட்டேவிட்டாள்:

"ஏனப்பா கூர்முகா, சொர்க்கத்துக்குப் போகிற வழி உன் வாய்க்குள்ளேயா இருக்கிறது?"