வெறுங்கிண்ணம் கொடுத்த வேலாயி

மலைகளெல்லாம் உட்கார இடம் தேடி ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலம் அது. பறவை பேசும், மனுசன் கேட்பான். அந்தக் காலத்தில் சாலிக்கோட்டை என்று ஒரு நாடு. நாட்டுக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு வெளியே வண்டிக்காரத் தெரு. அந்தத் தெருவில்தான் வேலாயி குடியிருந்தாள்.

வேலாயி கெட்டிக்காரி. அவள் புருசன் சடையன் ரொம்ப நல்லவன். ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் இருந்ததே, அது போதாதா?

சடையன் வண்டி ஓட்டினான். அவனிடம் சாட்டை கிடையாது. ஒரு சீட்டி அடிப்பான், காளைகள் ரெண்டும் காதை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பேர் பவளம். இன்னும் பல் முளைக்கவில்லை. ஆனால் அது சிரித்தால் போதும், சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட எதற்குச் சண்டை என்பதை மறந்துபோவார்கள்.

சாலிக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து கிண்ணத்தில் பலகாரம் வந்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். வெறுங்கிண்ணம் கொடுத்தவள் என்று பேர் வாங்குவதைவிட ஊரைவிட்டே போய்விடலாம் என்று நினைப்பார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் ஊருக்கு வெளியே பாறைக் கரட்டுமேல் ஒரு மந்திரவாதி இருந்தானே, அவன் பேர் மாயவண்ணன், அவனுக்கும் இந்த வழக்கம் தெரிந்துபோனது.

ஒருநாள் காலையில் சடையன் காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். தலையில் கொண்டை வைத்த கொண்டலாத்திப் பறவை ஒன்று பறந்து வந்தது. அதன் காலில் பட்டுத்துணி மூடிய வெள்ளிக் கிண்ணம்.

“சடையா, சடையா! நூறாயிரம் பேரில் உன் பேர்! பறக்கும் ரதம் பரிசு! கிட்ட வந்தாச்சு, கிட்ட வந்தாச்சு, கைக்கு வரப்போகுது!”

“நான் எதுலயும் கலந்துக்கவே இல்லையே சாமி?”

“கலந்துக்காமலே ஜெயிச்சிட்டியே, அதான் உன் அதிர்ஷ்டம்! மாயவண்ணர் லட்டு அனுப்பியிருக்கார். சாப்பிடு. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதே. வெளியே சொன்னா ரதம் திரும்பிப் போயிரும்.”

சடையன் லட்டைத் தின்றான். கிண்ணத்தைப் பார்த்தான். வெறுமனே எப்படித் தருவது?

“பெரிய ரதத்துக்குச் சின்னச் சீட்டி ஒண்ணு போடேன்” என்றது பறவை.

இவ்வளவுதானா என்று கிண்ணத்துக்குள் ஒரு சீட்டி அடித்தான். அவ்வளவுதான், சீட்டி போய்விட்டது. அதிலிருந்து அவன் உதட்டைக் குவித்தால் வெறும் காற்று. காளைகள் அவனை யாரோ என்று பார்த்தன.

மறுபடி பறவை வந்தது. “கிட்ட வந்தாச்சு, கிட்ட வந்தாச்சு, கைக்கு வரப்போகுது! ரதம் ஆத்தங்கரையில நிக்குது. சக்கரம் உருளணும்னா உன் தூக்கத்தைப் போடு.” போட்டான். அதோடு தூக்கமும் போயிற்று. கண் ரெண்டும் கோவைப்பழம்.

மூன்றாம் முறையும் வந்தது. வேலாயி தண்ணீருக்குப் போயிருந்த நேரம். “கிட்ட வந்தாச்சு, கிட்ட வந்தாச்சு, கைக்கு வரப்போகுது! தெருமுனையில திரும்பணும், அவ்வளவுதான். உன் பிள்ளை சிரிப்பு ஒண்ணு போதும்.”

சடையன் திடுக்கிட்டான். “அதெல்லாம் முடியாது.”

“அப்ப சீட்டியும் தூக்கமும் போனது போனதுதான். இவ்வளவு கொடுத்தபிறகா விடுவே?”

இந்த இடத்தில்தான் நல்லவன் வழுக்கினான். விட்டால் கொடுத்ததெல்லாம் வீணாகிவிடுமே, வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று நினைத்தான். கிண்ணத்தைக் குழந்தை முகத்துக்கு நேரே நீட்டினான். பவளம் பளபளக்கும் வெள்ளியைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பு கிண்ணத்துக்குள் விழுந்தது. பறவை பறந்தது.

வேலாயி குடத்தோடு வந்தாள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். வயிற்றில் வாயை வைத்து ஊதினாள். குழந்தை சுவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

“இந்தாய்யா, பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். வேலாயி குடத்தைக் கீழே வைத்தாள். “வாயைத் திறக்கப்போறியா, இல்ல நான் திறக்கவா?”

திறந்தான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வேலாயிக்கு அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் அழுகிற ஆளை எங்கே அடிப்பது? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “வெளியே சொல்லாதேன்னு சொன்னான்ல? அப்ப முதல் வேலை அதுதான்” என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். “எங்க வீட்டுக்காரர் ஏமாந்துட்டார்! பறக்கும் ரதம்னு சொல்லி எம்பிள்ளை சிரிப்பைப் புடுங்கிட்டானுவ!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செக்காட்டும் ராக்கம்மா எட்டிப் பார்த்தாள். “ரதமா? அது எனக்குன்னுல்ல அந்தப் பறவை சொல்லிச்சு! என் நாக்கு ருசியைக் கொடுத்தேனே, பாவி! ஒரு மாசமா மண்ணும் மாங்காயும் எனக்கு ஒண்ணு!”

அடுத்த வீட்டிலிருந்து பயில்வான் இருளப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான். “என் கைப்பலம் போச்சு தாயி. ஒரு செம்பு தூக்க முடியல. வெட்கத்துல சொல்லல.”

அந்தச் சமயம் பார்த்து ராஜாவே குதிரையில் வந்தார். “எனக்கும்தான் வந்தது கிண்ணம். எனக்குத் தெரிந்த பேர்களையெல்லாம் அதில் போட்டுவிட்டேன், ஒருத்தர் பேரும் நினைவில்லை. யாரங்கே... மந்திரி... உன் பேர் என்னப்பா?” மந்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு ரதம், ஊர் முழுக்கப் பரிசு!

மறுநாள் கொண்டலாத்தி வேலாயியைத் தேடியே வந்தது. “வேலாயி, வேலாயி! நூறாயிரம் பேரில் உன் பேர்!”

“வா ராசா, உட்காரு” என்றாள் வேலாயி. லட்டை எடுத்தாள். தின்னவில்லை. வாசலில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது, அதன் குறுக்கே வைத்தாள். எறும்புகள் வந்தன, நின்றன, லட்டைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூட மொய்க்கவில்லை.

“எறும்பு தொடாத லட்டு எந்த ஊர் லட்டு?” என்று உடைத்தாள். உள்ளே புகை. புகை போனதும் கையில் ஒன்றுமில்லை.

பறவை நடுங்கியது. “அக்கா, என்னை ஒண்ணும் பண்ணிராதே. எனக்கும் ஒரு கிண்ணம் வந்துச்சு. பறவைகளுக்கெல்லாம் ராஜா ஆக்குறேன்னான். என் கூட்டைப் போட்டுட்டேன். இப்ப திரும்பிப்போக இடம் இல்லாம அவனுக்கு எடுபிடியா அலையறேன்.”

வேலாயிக்கு மனசு இளகியது. “அழாதே. ஒண்ணு மட்டும் சொல்லு. அவ்வளவு பெரிய மந்திரவாதி, நேரா வந்து பிடுங்கிட்டுப் போகவேண்டியதுதானே?”

“முடியாது அக்கா. நாமளா போட்டாத்தான் அவனுக்கு உண்டு. கிண்ணம் நிறைஞ்சு வந்தாத்தான் அவன் மந்திரம் பலிக்கும்.”

வேலாயி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கரட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே ஊர் திரண்டது. பட்டப்பகல், உச்சிவெயில்.

கரட்டுமேல் வானம் முட்டும் கோபுரம். வாசலில் தங்க ரதம் ஜொலித்தது. வேலாயி கிட்டே போய்த் தொட்டாள். அது ரதம் இல்லை, துணியில் எழுதிய படம். பிடித்து இழுத்தாள். ரதம் மடங்கிக் கீழே விழுந்தது.

உள்ளே சுவர் சுவராகக் கிண்ணங்கள். நடுவில் மாயவண்ணன். மயில் நிறப் பட்டு, வாயெல்லாம் சிரிப்பு.

“வாங்க அக்கா, வாங்க! கிட்ட வந்தாச்சு, கிட்ட வந்தாச்சு...”

“கிட்டத்தான் வந்துட்டேன். ரதம் எங்கே?”

“வரும்.”

“எப்ப?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டா வரும். பிள்ளை மேல உங்களுக்கு இருக்கே அந்தப் பாசம், அதுல ஒரு துளி...”

வேலாயி கண் சிவந்தது. “பரிசுன்னா கை நீட்டி வாங்குறது. கை நீட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கறதுக்குப் பேரு பரிசாடா? இந்தா உன் கிண்ணம்!”

நீட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சடையன் ஓடிவந்து அவள் தோளைத் தொட்டான். “புள்ள, வெறுங்கிண்ணமா? நாலு சனம் என்ன சொல்லும்?”

வேலாயி நீட்டிய கையைப் பாதி மடக்கினாள். அவள் பிறந்த வீட்டிலும் செய்யாதது, புகுந்த வீட்டிலும் செய்யாதது. ஆனால் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். சிரிப்பில்லாத முகம். மடக்கிய கையை மறுபடி நீட்டினாள்.

“வெறும் புகையை அனுப்பினவன் இவன். முதல்ல வெறுங்கிண்ணம் அனுப்பினது யாரு? நானா, அவனா?”

“வேண்டாம், ஒரு கறிவேப்பிலையாவது போடு!” என்று மாயவண்ணன் அலறினான். பின்னால் பின்னால் போனான். சுவரில் இடித்து நின்றான். வேலாயி அவன் உள்ளங்கையில் வெறுங்கிண்ணத்தை அழுத்தி வைத்தாள்.

அவ்வளவுதான்! சுவரில் இருந்த கிண்ணங்கள் டங் டங்கென்று கவிழ்ந்தன. ருசி ராக்கம்மா நாக்குக்கு ஓடியது, பலம் இருளப்பன் தோளுக்கு ஏறியது. ராஜா, “குழந்தைவேலு! உன் பேர் குழந்தைவேலு!” என்று மந்திரியைக் கட்டிக்கொண்டார். கொண்டலாத்தியின் கூடு ஒரு மரக்கிளையில் போய் உட்கார்ந்தது. சீட்டி சடையன் உதட்டுக்கு வந்தது. கூடவே தூக்கமும் வந்ததா, பாதிச் சீட்டியில் நின்றபடியே குறட்டை விட்டான்.

கடைசியாக ஒரு சிறு கிண்ணம் உருண்டு வந்து கவிழ்ந்தது. பவளம் அம்மா முகத்தைப் பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. பிறகு சிரித்தது பாருங்கள், அந்தச் சிரிப்பில் கோபுரம் கல் கல்லாகக் கரைந்தது. வேலாயி குழந்தையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

மாயவண்ணன் பட்டும் போய், பகட்டும் போய், கூன் விழுந்த கிழவனாக நின்றான். ராக்கம்மா அவனைச் செக்கு சுற்றக் கூட்டிப்போனாள். “வேலை செஞ்சா சோறு உண்டு. அதுவும் முதல்ல கண்ணுல காட்டிட்டுத்தான் போடுவேன், பயப்படாதே” என்றாள்.

ராஜா வேலாயியைக் கூப்பிட்டார். “அம்மா, என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்.”

“முதல்ல பொருளைக் காட்டுங்க மகாராசா, அப்புறம் கேக்கறேன்.”

ஊரே கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். வயலும் தோட்டமும் நேரில் கூட்டிப்போய்க் காட்டிக் கொடுத்தார். வேலாயி வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்று கேட்டாள். அன்று மாலையே முரசு அறைந்தார்கள்:

“பரிசென்று சொல்பவனே, பொருளைச் சந்தியில் வை! பரிசுக்குப் பதில் கேட்பவனைப் பிடித்துச் சிறையில் வை! ஏமாந்தவர் வந்து சொன்னால் எவரும் சிரிக்கக்கூடாது!”

கொஞ்சகாலம் கழித்துப் பொன்னிறத் தலைப்பாகை கட்டிய ஒருத்தன் எங்கிருந்தோ வந்தான். சந்தியில் நின்று, “கோடியில் ஒருவர் நீங்கள்!” என்று ஆரம்பித்தான். இருளப்பன் திரும்பினான். ராக்கம்மா திரும்பினாள். சடையன் வண்டியை நிறுத்தினான். ஊர் முழுக்க ஒரே குரல்:

“முதல்ல காட்டு!”

தலைப்பாகை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், விழுந்தடித்து ஓடினான். இன்னும் நின்றபாடில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறான். உங்கள் ஊர்ப் பக்கமும் வருவான். வந்தால் கூச்சப்படாதீர்கள், தெருவே கேட்கும்படி கத்துங்கள்.